யந்திரத்தின் கணக்கை எழுதிய சீமாட்டி

1816-ம் ஆண்டு, ஜனவரி 15-ந் தேதி. லண்டன் நகரில் ஒரு பெரிய வீட்டிலிருந்து ஓர் இளம் தாய் புறப்பட்டாள். அவள் கையில் ஐந்து வாரக் குழந்தை. கணவனைப் பிரிந்து பெற்றோர் வீட்டுக்குப் போன அவள், பிறகு அவனிடம் திரும்பவே இல்லை.

அந்தக் கணவர் யார் தெரியுமா? உலகப் புகழ் பெற்ற ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு! அந்தக் குழந்தைதான் அடா. பிற்காலத்தில் "அடா லவ்லேஸ்" என்று உலகம் போற்றிய கணித மேதை.

அதே ஆண்டு ஏப்ரல் மாதம் பைரன் இங்கிலாந்தை விட்டே போய்விட்டார். 1824-ல் கிரீஸ் நாட்டில் மாண்டார். அப்போது அடாவுக்கு வயது 8. நினைவு தெரிந்த பிறகு தந்தையின் முகத்தை அவள் ஒரு தடவைகூட பார்த்தது இல்லை.

கவிதைக்குப் பதில் கணக்கு

தந்தையின் குணம் மகளுக்கு வந்துவிடக் கூடாதே என்று தாய் அஞ்சினாள். எனவே, சிறு வயதிலேயே ஆசிரியர்களை வைத்துக் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். பெண்களுக்குக் கல்லூரிக் கதவு திறக்காத காலம் அது.

அடாவுக்கு 12 வயதில் ஓர் ஆசை பிறந்தது. பறவை போலப் பறக்க வேண்டும்! பறவைகளின் உடலமைப்பை ஆராய்ந்தாள். இறக்கை செய்வது எப்படி என்று திட்டம் போட்டாள். மறு ஆண்டே அம்மை நோய் கண்டது. கால்கள் செயல் இழந்தன. வெகு காலம் படுக்கையில் கிடந்தாள். பிறகு ஊன்றுகோல் பிடித்து நடந்தாள். அப்போதும் படிப்பை மட்டும் விடவில்லை.

பாபேஜின் யந்திரம்

1833-ம் ஆண்டு ஜூன் மாதம். சார்லஸ் பாபேஜ் என்ற கணிதப் பேராசிரியரை அடா சந்தித்தார். அப்போது அவருக்கு வயது 17. தாமாகவே கணக்குப் போடும் பித்தளைச் சக்கரங்களைப் பாபேஜ் தன் வீட்டில் வைத்திருந்தார். வந்தவர்கள் எல்லாம் அதை வேடிக்கை பார்த்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதை அடா புரிந்து கொள்ள முயன்றார். அன்று தொடங்கிய நட்பு கடைசி வரை நீடித்தது.

1835-ல் அடாவுக்குத் திருமணம் நடந்தது. கணவர் வில்லியம் கிங் 1838-ல் லவ்லேஸ் பிரபு ஆனார். மூன்று குழந்தைகள் பிறந்தன. அதற்குப் பிறகும் அடா ஆசிரியர் வைத்து உயர் கணிதம் பயின்றார்.

இதற்குள் பாபேஜ் இன்னொரு பெரிய யந்திரத்துக்குத் திட்டம் வரைந்திருந்தார். அதில் இரண்டு முக்கியப் பகுதிகள். ஒன்று களஞ்சியம், மற்றொன்று ஆலை. களஞ்சியத்தில் இருக்கும் நெல் ஆலைக்குப் போய் அரிசியாகத் திரும்புகிறது அல்லவா? அதுபோல எண்கள் களஞ்சியத்திலிருந்து ஆலைக்குப் போகும். அங்கே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நடக்கும். விடை மீண்டும் களஞ்சியத்துக்கு வரும். என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிடுவது துளையிட்ட அட்டைகள்!

25 படிகள்

இந்த யந்திரத்தைப் பற்றி மெனாப்ரியா என்ற இத்தாலியர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரை 1842-ல் வெளியாயிற்று. அதை அடா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சொந்தக் குறிப்புகளையும் சேர்த்தார். குறிப்புகள் மூலக் கட்டுரையைப்போல் சுமார் மூன்று மடங்கு நீண்டன! 1843-ல் அது அச்சில் வந்தது. முழுப் பெயர் போடவில்லை. மூன்று எழுத்துகள் மட்டுமே இருந்தன.

கடைசிக் குறிப்பில் ஒரு பெரிய பட்டியல் இருந்தது. "பெர்னூலி எண்" என்ற கடினமான கணக்கை யந்திரம் போடும் விதத்தை அது 25 படிகளில் காட்டியது. எந்தப் படியில் எந்த அறையின் எண் எடுக்கப்படுகிறது? விடை எந்த அறைக்குப் போகிறது? எந்த அறையின் எண் மாறியது, எது மாறவில்லை? எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதினார். பென்சிலால் அவர் எழுதியதன்மேல் கணவர் மை தீட்டிக் கொடுத்தார்.

ஏன் இத்தனை பாடு? யந்திரம் இன்னும் செய்யப்படவில்லை. ஓட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்க வழி இல்லை. ஓர் அறையில் தவறான எண் விழுந்தால் அடுத்து வரும் கணக்கு முழுவதும் பாழ். காகிதத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாபேஜ் அனுப்பிய கணக்கிலேயே பெரிய பிழை ஒன்றை அடா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். இதைப் பாபேஜே பிற்காலத்தில் தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டார்.

ஆனால், அச்சான பட்டியலிலும் ஒரு பிழை இருந்தது! நான்காவது படியில் நான்காம் அறையின் எண்ணை ஐந்தாம் அறையின் எண்ணால் வகுக்க வேண்டும். அடா எடுத்த கணக்கில் அவை 7-ம் 9-ம். ஒன்பதில் ஏழு பங்கு வர வேண்டும். பட்டியலிலோ 9-ஐ 7-ஆல் வகுக்குமாறு தலைகீழாக அச்சாகி இருந்தது. அதே வரியில் விடைக் கட்டம் மட்டும் சரியாக இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் பிழை பளிச்சென்று தெரிந்துவிடும். பட்டியலின் பிழையைப் பட்டியலே காட்டிக் கொடுத்தது!

இன்றைய கம்ப்யூட்டரின் பிராசசருக்குள் "ரிஜிஸ்டர்" என்ற சின்னஞ்சிறு அறைகள் இருக்கின்றன. இயக்க முறைமையின் மையப் பகுதியான "கெர்னல்" கோளாறு செய்து யந்திரம் நின்றுவிட்டால், பொறியாளர்கள் என்ன செய்கிறார்கள்? எந்தக் கட்டளை எந்த ரிஜிஸ்டரைத் தொட்டது, என்ன எண்ணைப் படித்தது, என்ன எண்ணை எழுதியது என்று வரிசையாகப் பதிவு செய்து பார்க்கிறார்கள். எந்த வரியில் எண் தவறுகிறதோ, அங்கேதான் பிழை. கருவி மாறிவிட்டது. வழி, அடா காட்டிய அதே வழிதான்!

துயர முடிவு

யந்திரத்தின் கணக்கில் கவனம் காட்டிய அடா, சொந்தக் கணக்கில் தவறினார். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டினார். கடன் ஏறியது. குடும்பத்து வைர நகைகள் அடகுக் கடைக்குப் போயின. தாய்தான் அவற்றை மீட்டாள்.

கூடவே கருப்பைப் புற்றுநோயும் வந்தது. கொடிய வேதனையில் பல மாதங்கள் துடித்தார். 1852-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 36. தந்தை பைரன் இறந்ததும் அதே 36-வது வயதில்தான்!

அவர் விரும்பியபடியே, ஹக்னால் என்ற ஊரின் மாதா கோவிலில், பைரனின் அருகில் அவரை அடக்கம் செய்தார்கள். வாழ்நாளில் சேர முடியாத தந்தையும் மகளும் அங்கே சேர்ந்தார்கள்.

பாபேஜின் பெரிய யந்திரம் கடைசி வரை முழுமையாகவில்லை. 1871-ல் அவரும் காலமானார். அடாவின் குறிப்புகளை உலகம் மறந்தது. 1953-ல் அவை ஒரு நூலில் மறுபடியும் அச்சான பிறகே பலர் கண்ணில் பட்டன.

அமெரிக்க ராணுவ இலாகா புதிய கம்ப்யூட்டர் மொழி ஒன்றை உருவாக்கி, அதற்கு "அடா" என்றே பெயரிட்டது. 1980-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அது அடாவின் பிறந்த நாள். அந்த ஏட்டுக்குக் கொடுத்த எண் 1815. அது அவர் பிறந்த ஆண்டு!