விலக்கிய நாட்டுக்காக வாள் பிடித்தவர் - ஹெலீன் மேயர்

லண்டனின் கிழக்கே பிளேஸ்டோ, ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் என்று தமிழர்கள் புழங்கும் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு எக்செல் அரங்கம் அந்நியமானதல்ல. ஒரு காலத்தில் கப்பல்கள் சரக்கு இறக்கிய ராயல் விக்டோரியா டாக்கின் கரையில், பிளேஸ்டோவுக்குத் தெற்கே சற்றுத் தள்ளி இருக்கிறது. 2012 ஒலிம்பிக்சின் வாள்வீச்சுப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. அந்த ஜூலை 30ம் தேதி, பெண்கள் தனிநபர் எபே அரையிறுதியில் தென்கொரியாவின் ஷின் ஆ-லாம், கடைசி ஒரு நொடி அளவுக்கு மீறி நீண்டுவிட்டது என்று முறையிட்டார். மேடையை விட்டு இறங்கினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும். எனவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் அங்கேயே தனியாக உட்கார்ந்திருந்தார். முறையீடு தள்ளுபடியாயிற்று. எதிர்த்து ஆடிய ஜெர்மனியின் பிரிட்டா ஹைடமன் இறுதிப் போட்டிக்குப் போனார்.

வாள்வீச்சு மேடை 14 மீட்டர் நீளமுள்ள ஒரு பட்டை. அதில் நிற்பவருக்குத் துணைக்கு ஆள் கிடையாது. எதிரே ஒரு வாள், பக்கத்தில் நடுவர், அவ்வளவுதான். ஆனால் 1936ல் பெர்லினில் இதே போன்ற பட்டையில் நின்ற ஒரு பெண்ணுக்கு முன்னால் ஒரு அரசாங்கமே நின்றது. அவர் ஹெலீன் மேயர். வாள்வீச்சு வரலாற்றில் மிகச் சிறந்த பெண்களில் ஒருவர் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது, அவர் வாளைச் சுழற்றிய கைக்காக அல்ல, பரிசு மேடையில் உயர்த்திய கைக்காக.

மேயர் 1910 டிசம்பர் 20ம் தேதி ஜெர்மனியின் ஓஃபன்பாக் நகரில் பிறந்தார். தந்தை லுட்விக் மேயர் ஒரு மருத்துவர், யூதர். தாய் கிறிஸ்தவர். வீட்டில் மதப் பற்று அதிகமில்லை. தன்னை யூதர் என்று அவர் கருதிக்கொண்டதும் இல்லை. உள்ளூர் வாள்வீச்சுக் கழகத்தில் ஆர்துரோ கட்சேரா என்ற இத்தாலிய ஆசான் பயிற்சி கொடுத்தார். பதின்பருவத்திலேயே தேசிய சாம்பியன். 1928ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்சில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 17. ஆடிய 20 ஆட்டங்களில் 18ல் வெற்றி. இரண்டாவதாக வந்தவர் இங்கிலாந்தின் மியூரியல் ஃப்ரீமன். பொன்னிறப் பின்னல்களும் நெற்றியில் வெள்ளைப் பட்டியுமாக மேயரின் தோற்றம் ஜெர்மனி முழுவதும் பிரபலமாகிவிட்டது. பின்னாளில் நாஜிகள் வருணித்த 'ஆரியப் பெண்'ணுக்கு அச்சாக ஒத்துப்போன தோற்றம் அது. வரலாறு சில சமயம் இப்படிக் குரூரமாக வேடிக்கை காட்டும்.

அவர் ஆடிய ஆயுதம் ஃபாயில். வாள்வீச்சில் மூன்று ஆயுதங்கள் உண்டு. சென்னையின் பவானி தேவி 2021ல் டோக்கியோவில் ஆடி, ஒலிம்பிக்சில் வாள் பிடித்த முதல் இந்தியர் ஆனாரே, அது சேபர், வெட்டவும் செய்யலாம். ஃபாயிலில் நுனியால் குத்த மட்டுமே செய்யலாம், அதுவும் உடலின் நடுப்பகுதியில். இருவரும் ஒரே நேரத்தில் குத்தினால், தாக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்று நடுவர் முடிவு செய்ய வேண்டும். இன்று விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கிறது. ஃபாயிலுக்கு மின்கருவி 1950களில்தான் வந்தது. அதற்கு முன் நான்கு துணை நடுவர்கள் சுற்றி நின்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே ஆடுபவரின் நேர்மைக்கும் அதில் இடமிருந்தது. 1932ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இங்கிலாந்தின் ஜூடி கின்னஸ், நடுவர்கள் கவனிக்காமல் விட்ட இரண்டு குத்துகள் தன் மேல் பட்டன என்று தானே சொல்லித் தங்கத்தை ஆஸ்திரியாவின் எல்லன் பிரைசிடம் இழந்தார்.

அதே 1932 போட்டியில் மேயர் ஐந்தாவது இடத்துக்குச் சரிந்தார். காதலன் ராணுவப் பயிற்சியின்போது இறந்த செய்தி போட்டி சமயத்தில்தான் அவருக்கு வந்து சேர்ந்தது. தந்தை முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார். போட்டி முடிந்தபின் கலிபோர்னியாவிலேயே தங்கி ஸ்கிரிப்ஸ் கல்லூரியில் படித்தார். வெளியுறவுத் துறையில் சேர வேண்டும் என்பது திட்டம். 1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களில் ஓஃபன்பாக் கழகம் அவர் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றது. படிக்கப் போன ஊர் பிழைக்கும் ஊராயிற்று. ஓக்லண்டில் மில்ஸ் கல்லூரியில் ஜெர்மன் மொழியும் வாள்வீச்சும் கற்றுக்கொடுத்து வாழ்ந்தார். படிக்கவென்று விமானம் ஏறி, ஊரில் நிலைமை மாறியதால் திரும்ப முடியாமல் போனவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவைப்படாது.

1935ல் நூரம்பர்க் சட்டங்கள் வந்தன. யார் முழுக் குடிமகன் என்பதைத் தாத்தா பாட்டிகளின் பிறப்பைக் கொண்டு அவை தீர்மானித்தன. அதே சமயம் அமெரிக்காவில் பெர்லின் ஒலிம்பிக்சைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. அமெரிக்கா வராவிட்டால் ஜெர்மனிக்குப் பெருத்த அவமானம். யூதர்களைத் தாங்கள் ஒதுக்கவில்லை என்று காட்ட நாஜி அரசுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. மேயரை அழைத்தார்கள். தன் குடியுரிமை உறுதி செய்யப்பட வேண்டும் என்று அவர் கேட்டார். 1935 டிசம்பரில் அமெரிக்க விளையாட்டு அமைப்பில் புறக்கணிப்புத் தீர்மானம் சொற்ப வாக்குகளில் தோற்றது. 1936 பிப்ரவரியில் மேயர் ஜெர்மனிக்குக் கப்பலேறினார். அவருடைய யூதப் பின்னணியைப் பற்றி எழுதக்கூடாது என்று ஜெர்மானியப் பத்திரிகைகளுக்கு உத்தரவு போயிற்று.

உயரம் தாண்டும் வீராங்கனை கிரெட்டல் பெர்க்மனின் கதை இதற்கு மறுபக்கம். யூதரான அவரையும் பயிற்சிக்கு அழைத்திருந்தார்கள். 1936 ஜூனில் 1.60 மீட்டர் தாண்டி தேசிய சாதனையைச் சமன் செய்தார். ஜூலையில், அமெரிக்க அணி கப்பல் ஏறியபின், போதிய திறமை இல்லையென்று அவருக்குக் கடிதம் வந்தது. ஆக, கோடைக்கால ஒலிம்பிக்சில் ஜெர்மன் அணியில் யூத வம்சாவளியினராக எஞ்சியவர் மேயர் மட்டும்தான்.

ஆகஸ்ட் 5ம் தேதி பெண்கள் ஃபாயில் தனிநபர் இறுதிச் சுற்று. எட்டுப் பேர், ஒருவரோடு ஒருவர் எல்லோரும் மோத வேண்டும். ஹங்கேரியின் இலோனா எலெக் தங்கம், மேயர் வெள்ளி, எல்லன் பிரைஸ் வெண்கலம். எலெக்கின் தந்தையும் யூதர் என்பது நாஜிகள் எதிர்பார்த்திராத முடிவு. பரிசு மேடையில் வெள்ளை உடையில், ஸ்வஸ்திகா சின்னத்தோடு, மேயர் கையை நீட்டி நாஜி வணக்கம் செலுத்தினார். அந்தப் புகைப்படம்தான் இன்றும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஏன் செய்தார்? தாயும் சகோதரர்களும் ஜெர்மனியில் இருந்தார்கள், அவர்களைக் காக்கத்தான் என்பது ஒரு வாதம். பறிபோன குடியுரிமையை மீட்கும் ஆசை என்பது இன்னொன்று. வாள் பிடிப்பதைத் தவிர வேறெதையும் அவர் யோசிக்கவில்லை என்பது மூன்றாவது. எனக்கு இரண்டாவதே உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது. தன்னை விலக்கிய ஊர் ஒருநாள் தவறை உணர்ந்து கூப்பிடும் என்ற நம்பிக்கை சாதாரணமானதல்ல. கூப்பிட்டபோது, எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்காமலே போய்விடத் தோன்றும். அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்தக் கை உயர்ந்ததால் நாஜி அரசுக்குக் கிடைத்த நற்சான்றிதழை, புரிந்துகொள்வது மட்டும் அழித்துவிடாது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் அவரது தேவையும் முடிந்தது. 1937ல் பாரிசில் உலகப் பட்டத்தை வென்று, எலெக்கைவிடத் தான் குறைந்தவரல்ல என்று காட்டினார். பிறகும் வாழ்க்கை அமெரிக்காவில்தான். அங்கே 1934க்கும் 1946க்கும் இடையில் எட்டு முறை தேசிய சாம்பியன். அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார்.

1948ல் ஒலிம்பிக்ஸ் லண்டனுக்கு வந்தது. ஜெர்மனிக்கு அழைப்பில்லை. மேயர் ஆடவில்லை. வெம்பிளியில் எலெக் மீண்டும் தங்கம் வென்றார், பிரைசுக்கு மீண்டும் வெண்கலம். இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை, 400 மீட்டர் தடையோட்டத்தில் வெள்ளியாக, டங்கன் வைட் பெற்றுத் தந்ததும் அங்கேதான். அதே 1948ல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறி, மலையகத் தமிழர்களில் ஏறக்குறைய ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. நூரம்பர்க் சட்டமும் இதுவும் ஒன்றல்ல, விளைவுகளும் ஒன்றல்ல. ஆனால் தந்தையின் பிறப்பைக் காட்டச் சொல்லி ஒருவரின் நாட்டைத் தீர்மானிக்கும் தர்க்கம் நமக்குப் பழக்கமானது.

1952ல் மேயர் ஜெர்மனி திரும்பி, எர்வின் ஃபால்க்னர் ஃபான் சோனன்பர்க் என்ற பொறியாளரை மணந்துகொண்டார். அந்த வாழ்வு நீடிக்கவில்லை. மார்பகப் புற்றுநோயால் 1953 அக்டோபரில், 42வது வயதில் இறந்தார். 1968ல் மேற்கு ஜெர்மனி அவர் உருவத்தோடு தபால்தலை வெளியிட்டது. 1972 ஒலிம்பிக்சுக்காக ம்யூனிக்கில் கட்டிய வீரர் குடியிருப்பில் ஒரு சாலைக்கு அவர் பெயரை வைத்தார்கள். கிரெட்டல் பெர்க்மன் நியூயார்க்கில் 103 வயது வரை வாழ்ந்து 2017ல் மறைந்தார்.

உயிரோடிருந்தபோது மேயர் கேட்டது தபால்தலையோ சாலைப் பெயரோ அல்ல. மற்றவர்களைப் போலத் தானும் இந்த நாட்டுக்காரி என்று எழுதிய ஒரு தாள். அதற்கு விலையாக அவரிடம் இருந்தது ஒரு வாளும் ஒரு கையும்தான். இரண்டையும் கொடுத்தார்.