டாக்டர் சுப்பாராவ்: முத்தெடுத்தவர் பெயர்

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. வெள்ளையர் ஆட்சியில், மூச்சடக்கி ஆழத்தில் இறங்கிச் சிப்பி வாரி வந்தவனுக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. எஞ்சியது சர்க்காருக்குச் சேர்ந்தது. முத்தை அணிந்தவர் எவரும் எடுத்தவன் பெயரைக் கேட்டதில்லை. விஞ்ஞானக் கடலிலும் இவ்வாறே முத்தெடுத்துப் பெயரிழந்தார் ஒருவர். டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவின் வரலாற்றைத் தேசாபிமானிகள் அனைவரும் அறிந்திருக்க வேண்டுமென்பது நமது கருத்து.

அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895 ஜனவரி 12-இல் அவர் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, சென்னை ஹிந்து உயர்தரப் பள்ளியில் படித்து மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயிலுங்கால், காந்தியடிகளின் அழைப்புக்கிணங்கிக் கதராலான அறுவை அங்கி அணிந்தார். ஆங்கிலப் பேராசிரியர் சினந்தார். அதன் பயனாக எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதில் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிட்டியது. சகோதரர் ஒருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்கு இரையானார். அத்தகைய நோய்களின் மூலத்தைக் காண உறுதி கொண்ட அவர், மாமனாரின் பொருளுதவியோடு 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரில் இறங்கினார்.

ஆஸ்பத்திரியில் இரவு வேலையாளாக நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவி வயிறு வளர்த்த அவர், ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஃபிஸ்க் என்பவருடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரஸை நீல நிறத்தின் அடர்த்தி கொண்டு அளக்கும் முறையை இருவரும் 1925-இல் பிரசுரித்தனர். தசைச் சாற்றில் அந்நிறம் தாமதித்து ஏறியதன் காரணத்தைத் தேடியபோது, பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருள் 1927-இல் வெளிப்பட்டது. 1929-இல், உயிரணுக்களின் சக்தி நாணயமாகிய ஏ.டி.பி.யையும் கண்டனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் அதைத் தனியே கண்டறிந்தார். தசை இயங்குவது லாக்டிக் அமிலத்தாலென்று 1922-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற கொள்கை இவற்றால் ஆட்டங்கண்டது.

ஓர் ஆராய்ச்சியாளரின் கட்டுரையைப் பின்வந்தோர் எத்தனை முறை ஆதாரமாகக் காட்டினரென்று எண்ணும் வழக்கத்தை, 1960-களில் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு முறைப்படுத்தினார். அக்கணக்கில் 1925-ஆம் ஆண்டுக் கட்டுரை, விஞ்ஞான உலகில் மிகுதியாக ஆதாரங்காட்டப்பட்டவற்றுள் ஒன்றாக விளங்கியது. பல நாட்டுச் சோதனைச்சாலைகளிலும் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயர் நிலவியது. ஆயினும் அக்கணக்கு, அச்சேறிய பெயரைத்தான் எண்ணும். அச்சேறாத உழைப்பை எண்ணாது. பின்னாளில் 1988-இல் நோபல் பரிசு பெற்ற ஹிச்சிங்ஸ், ஃபிஸ்க்கின் பொறாமையால் சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் வெளிவராது போயினவென்றும், ஆண்டுகள் கழித்து அவற்றைப் பிறர் மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்ததென்றும் தெரிவித்திருக்கிறார். ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி கிட்டவில்லை.

1940-இல் அவர் நியூயார்க் மாகாணத்து லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நிறுவனம் இருந்த ஊரின் பெயர் பேர்ல் ரிவர், அதாவது முத்தாறு! அவர் தலைமையில் இயங்கிய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து 1945-இல் வெளியிட்டது. சகோதரரைக் கொன்ற நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. பதினாறு பெயர்கள் நின்ற அக்கட்டுரையில், தலைவரான அவர் பெயர் நடுவே கலந்து நின்றது. அவர் குழு செய்தளித்த அமினோப்டெரினைக் கொண்டு இரத்தப் புற்றுற்ற குழந்தைகளின் நோயைத் தற்காலிகமாகத் தணித்ததை 1948-இல் ஃபார்பர் அறிவித்தார். கீர்த்தி ஃபார்பரைச் சேர்ந்தது. அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஆரியோமைசின், கண்டுபிடித்த டக்கரின் பெயரைத் தாங்கிற்று. அவரை ஊக்கி வழிநடத்திய சுப்பாராவின் பெயர் பின்னே நின்றது. யானைக்கால் நோய்ப் புழுவை அழிக்கும் டைஎத்தில்கார்பமசின் அவர் குழுவின் கொடையே. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் வீடு வீடாக வழங்கப்பட்ட அம்மாத்திரையை விழுங்கியோரில் அவரை அறிந்தவர் எத்தனை பேர்?

மீண்டும் தாய்நாட்டைக் காணாமலே, 1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் நியூயார்க்கில் காலமானார். பின்னர் ஒரு பூஞ்சைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1995-இல் நூற்றாண்டை யொட்டி இந்திய சர்க்கார் தபால் தலை வெளியிட்டது. அத்துடன் நமது கடன் தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை என்போம். கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அவை ஆதாரங்காட்டப்பட்ட கணக்கையும் கொண்டே விஞ்ஞானிகளுக்குப் பதவியும் பணமும் வழங்கும் காலம் இது. அக்கணக்கு பயனற்றதென்று நாம் சொல்லவில்லை. சுப்பாராவின் பெயர் உலகெங்கும் பரவியதற்கு அதுவும் ஒரு சாட்சி. ஆனால் அதை மட்டும் நம்பினால், தன்னலமின்றிப் பிறரை முன்னிறுத்தியவரும் மேலோரால் மறைக்கப்பட்டவரும் நம் கண்ணுக்குத் தென்படமாட்டார். ஆகவே எவர் கைபட்டு வேலை நடந்ததோ அவர் பெயர் அச்சேற வேண்டுமென்ற நியாயத்தை நமது கல்லூரிகளும் ஆராய்ச்சிசாலைகளும் சட்டமாகவே கொள்ளவேண்டும். கதரங்கிக்காகப் பட்டத்தை இழந்தவரின் வரலாற்றை நமது பள்ளிச் சிறுவர் படிக்கவேண்டும். அந்நியக் கப்பல் முதலாளிகளை எதிர்த்து 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட தூத்துக்குடி மக்களுக்கு, உழைத்தவனுக்கே உரிமை என்னும் வாதம் புதிதன்று.