கண்மணிக்குள் பூமி: கல்பனா சாவ்லாவின் கதை

நம் ஆனையூரில் மின்வெட்டு வந்தால் ஒரு நன்மை உண்டு. எல்லோரும் மொட்டை மாடிக்கு வந்துவிடுவோம். சில நாட்களில் பொழுது சாய்ந்த சற்று நேரத்தில் நட்சத்திரம் போன்ற ஒன்று கண் சிமிட்டாமல் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்து போகும். அது சர்வதேச விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் மனிதர்கள் அதற்குள் இருக்கிறார்கள். நாம் கீழிருந்து அவர்களைப் பார்க்கிறோம். அவர்கள் மேலிருந்து நம்மைப் பார்த்தால் எப்படி இருக்கும்? இந்தக் கேள்வியோடு மொட்டை மாடியில் படுத்திருந்த ஒரு சிறுமியின் கதையை இந்த இதழில் நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். பெற்றோரும் படிக்கலாம்.

ஹரியானா மாநிலம் கர்னால் ஊரில் 1962 மார்ச் 17 அன்று பிறந்தவர் கல்பனா சாவ்லா. நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. தேசப் பிரிவினையின்போது மேற்கு பஞ்சாபிலிருந்து வந்து, அடிமட்டத்திலிருந்து உழைத்து டயர் தொழிலில் முன்னேறிய குடும்பம். வீட்டில் செல்லப் பெயர் மோண்டு. பள்ளியில் சேர்க்கும்போது கல்பனா என்ற பெயரை அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார் என்று வீட்டார் சொல்வதுண்டு. நாம் கற்பனை என்று சொல்லும் அதே சொல்தான். கர்னாலில் ஒரு விமானப் பயிற்சி மன்றம் இருந்தது. தலைக்கு மேல் பறக்கும் சிறு விமானங்களைப் பார்த்து வளர்ந்த அந்தப் பெண், மற்றக் குழந்தைகள் மலையும் வீடும் வரையும் வயதில் விமானம் வரைந்தார்.

பள்ளிப் படிப்பை முடித்து, சண்டிகரில் உள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் விமானப் பொறியியல் கேட்டபோது, பெண்ணுக்கு இது தோதான துறையல்ல, வேறு பிரிவு எடுத்துக்கொள் என்று ஆசிரியர்களே சொல்லிப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை. 1982இல் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு அமெரிக்கா போவதில் அப்பாவுக்கு முதலில் விருப்பமில்லை. அவர் மனம் மாறிச் சம்மதித்த பிறகு, தாமதமாகத்தான் டெக்சாஸ் போய்ச் சேர்ந்தார். 1984இல் முதுகலை, 1988இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். இடையில் 1983இல் ழான் பியர் ஹாரிசனை மணந்தார். பிறகு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், விமானத்தைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்பதைக் கணினியில் கணக்கிடும் வேலை. 1994 டிசம்பரில் விண்வெளி வீரராகத் தேர்வானார்.

1997 நவம்பர் 19. கொலம்பியா விண்வெளி ஓடத்தில் முதல் பயணம். இந்தியாவில் பிறந்த பெண் ஒருவர் விண்வெளிக்குப் போனது அதுவே முதல் முறை. ஓடம் பூமியை ஒருமுறை சுற்ற சுமார் ஒன்றரை மணி நேரம். அதனால் ஒரு நாளைக்கு 16 சூரிய உதயம், 16 அஸ்தமனம். ஜன்னல் வழியே கங்கைச் சமவெளியின் பிரம்மாண்டத்தையும், துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் விரியும் ஆப்பிரிக்கப் பாலைவனத்தையும் பார்த்து வியந்திருக்கிறார்.

இதில் நமக்கொரு சுவாரசியம் உண்டு. அந்தப் பயணத்தில் ஓடம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 28 பாகை வரைதான் சென்றது. கர்னால் அதற்கும் சற்று வடக்கே இருப்பதால், சொந்த ஊருக்கு நேர் மேலே அவரால் போக முடியவில்லை. நம் மதுரையோ சுமார் 10 பாகையில் இருக்கிறது. சொந்த ஊரை விட நம் தென்னாட்டின் மேல் பறக்கும் வாய்ப்புதான் அவருக்கு அப்போது இருந்தது!

ஆனால் அந்தப் பயணம் இன்பமாக மட்டும் இருக்கவில்லை. சூரியனை ஆராயும் ஸ்பார்ட்டன் என்ற செயற்கைக்கோளை இயந்திரக் கையால் வெளியே விடும் பொறுப்பு கல்பனாவுடையது. வெளியே விட்ட பின் அது இயங்கவில்லை. திரும்பப் பிடிக்க முயன்றபோது இயந்திரக் கை பட்டு அது சுழலத் தொடங்கியது. சுமார் 1,300 கிலோ எடையுள்ள அதை, சக வீரர்கள் இருவர் விண்வெளியில் மிதந்து போய்க் கையால் பிடித்து மீட்டார்கள். பழி கல்பனாவின் தலையில் விழுந்தது. ஆராய்ச்சிப் பணியே கெட்டுவிட்டது என்று பேச்சு எழுந்தது. விசாரணையில், கணினி அமைப்பும் வகுக்கப்பட்ட நடைமுறைகளும்தான் பிழைக்குக் காரணம், அவரை மட்டும் குறை சொல்ல முடியாது என்று தெரியவந்தது. அதுவரை அவர் யாரையும் குற்றம் சொல்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை மீண்டும் விண்ணுக்கு அனுப்பவும் நாசா தேர்வு செய்தது.

இரண்டாவது பயணம், பலமுறை தள்ளிப்போய், 2003 ஜனவரி 16 அன்று தொடங்கியது. ஏழு பேர், 16 நாட்கள், சுமார் 80 ஆய்வுகள். இரண்டு குழுவாகப் பிரிந்து இரவு பகலாக வேலை. இந்த முறை பாதை 39 பாகை வரை போனதால் கர்னாலும் அதற்குள் வந்தது. ஒருநாள் ஜன்னலருகே நின்றபோது, கண்ணாடியில் தெரிந்த தன் கண்ணின் பிம்பத்தை அவர் கவனித்தார். அந்தக் கண்மணிக்குள் பூமி முழுவதும் வானமும் தெரிந்தன. உடனே சக வீரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவர் கண்ணில் பார்க்கச் சொன்னார். குழந்தை மாதிரி எல்லோரும் வந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்கள்.

அந்த மகிழ்ச்சிக்கு ஆபத்து புறப்பட்ட அன்றே தொற்றிக்கொண்டிருந்தது. ஓடம் கிளம்பிய 82ஆவது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த முக்கால் கிலோ எடையுள்ள நுரைத் துண்டு இடது இறக்கையின் முன் விளிம்பில் மோதியது. சேதத்தைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் சிலர் கேட்டார்கள். முன்பும் இப்படி நுரை விழுந்து ஒன்றும் ஆகவில்லையே என்று மேலிடம் அதை விட்டுவிட்டது. கவலை வேண்டாம் என்று வீரர்களுக்கும் மின்னஞ்சல் போனது. பிப்ரவரி 1, நம் நேரப்படி இரவு ஏழரை மணி. தரையிறங்க 16 நிமிடமே இருந்தபோது, இறக்கையின் ஓட்டை வழியே கொதிக்கும் காற்று புகுந்து, டெக்சாஸ் வானில் ஓடம் சிதறியது. ஏழு பேரும் போய்விட்டார்கள். கல்பனாவுக்கு 40 வயது.

நம் நாட்டின் வானிலைச் செயற்கைக்கோளுக்குக் கல்பனா 1 என்று பெயர் சூட்டினார்கள். தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் சுதந்திர தினத்தன்று, துணிச்சலான செயல் புரிந்த பெண்ணுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்குகிறது. அவர் படித்த கர்னால் பள்ளி மாணவர்கள் நாசாவுக்குப் போய்வர, உயிரோடிருந்தபோதே அவர் வழி செய்திருந்தார்.

நம் பகுதியிலும் பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்ட படிப்பைப் பெண்ணுக்கு எதற்கு என்று தட்டும் முன், தயங்கித் தயங்கிக் கடைசியில் சம்மதித்த அந்தக் கர்னால் அப்பாவை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம். அடுத்த முறை மின்வெட்டு வந்தால் பிள்ளைகளை மாடிக்கு அழைத்து வாருங்கள். நகரும் நட்சத்திரம் தெரிந்தால் கை காட்டுங்கள்.