விவாதம் செயலான வரலாறு

1855-ல் திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் சென்னையில் உபாத்தியாயராயிருந்தார். அவரும், சக உபாத்தியாயரான வீரராகவாச்சாரியாரும், சட்டம் பயின்ற மாணவர் நால்வரும் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடித் தேச விஷயங்களை விவாதிப்பதுண்டு.

1878-ல் முத்துசாமி ஐயர் ஹைக்கோர்ட் நீதிபதியாக நியமனம் பெற்றதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இகழ்ந்தன. அறுவரும் சங்கத்தில் பொருமியதோடு நின்றாரில்லை. 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி, செப்டம்பர் 20-ந் தேதி 80 பிரதிகள் அச்சிட்டு, 'ஹிந்து'வைத் தொடங்கினர்.

ஆங்கிலம் அறியாத ஜனங்களுக்கு எட்டாத அரசியலால் பயனில்லை என்றுணர்ந்து, ஐயர் 1882-ல் 'சுதேசமித்திர'னை ஆரம்பித்தார். 1885-ல் பம்பாயில் கூடிய காங்கிரஸின் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவரும் அவரே. சீர்திருத்தம் மேடைப் பேச்சாக நின்றுவிடாமல், விதவையான தம் புதல்விக்கு 1889-ல் மறுமணம் செய்வித்தார். உறவினர் பகையையும் ஏற்றார். 1908-ல் ராஜத் துவேஷக் குற்றத்திற்காகக் கைதானார். 1916-ல் மறைந்தார்.

கொல்லிமலைப் பள்ளிகளின் உபாத்தியாயர்களுக்கு இவ்வாழ்க்கை ஒரு வழி காட்டுகிறது. சாலை, குடிநீர், வனம் பற்றி மாணாக்கர் வகுப்பில் விவாதிப்பது நன்றே. அவ்விவாதம் ஊராட்சிக்கு ஒரு மனுவாகச் செல்லுமாயின், கற்ற கல்வி ஊருக்கும் உதவும். முதல் மனுவை எழுதத் துணை நிற்பது உபாத்தியாயர் கடமையன்றோ?