இரண்டு மட்டை பிடித்த கை



கிரிக்கெட் என்றால் நமக்கெல்லாம் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியது யார் என்று கேட்டால் முழிப்போம். நானும் முழித்தவன்தான். அவர் நம்ம பக்கத்துக்காரர். திண்டிவனம் தாண்டினால் வரும் செங்கல்பட்டுச் சீமையில், மொரப்பாக்கம் கிராமத்தில் 1909-ல் பிறந்த எம்.ஜே.கோபாலன்.

வளர்ந்தது சென்னை திருவல்லிக்கேணியில். அவருடைய வேகப்பந்து வீச்சைப் பார்த்து, சி.பி.ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் கைதூக்கி விட்டார். பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. கிரிக்கெட் மட்டையோடு ஹாக்கி மட்டையும் பிடித்தார். ரெண்டிலுமே இந்தியாவுக்கு ஆடினார்!

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடி ஒரு விக்கெட் எடுத்தார். அதே ஆண்டு நவம்பர் 4-ல் சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக அந்த முதல் பந்தை வீசினார். அந்த ஆட்டத்தில் சென்னை ஒரே நாளில் ஜெயித்துவிட்டது. 1935-ல் தயான்சந்தோடு நியூசிலாந்து போய் ஹாக்கி ஆடினார்.

1936-ல்தான் சோதனை வந்தது. பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா? ரெண்டும் ஒரே கோடையில். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்துக் கப்பல் ஏறினார். மூன்று டெஸ்டிலும் அவரை இறக்கவே இல்லை. அங்கே பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியது. கல்கத்தா டெஸ்டே அவருக்கு முதலும் கடைசியுமாகிப் போச்சு.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்தாவது முடித்ததும் எனக்கும் கபடி செலக்‌ஷனும் டிப்ளமோ கவுன்சிலிங்கும் ஒரே நாளில் வந்தன. எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். விடியற்காலை கெடாரில் பஸ் ஏறிக் கவுன்சிலிங்குக்குப் போனேன். அந்த வருஷம் எங்க பசங்க கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். அரியர் விழும்போதெல்லாம் அந்தக் கோப்பை கண்ணில் வரும்.

கோபாலன் என்ன செய்தார்? முடங்கிவிடவில்லை. சென்னை அணிக்குத் தொடர்ந்து பல வருஷம் ஆடினார். 1952-53-ல் சென்னைக்கும் இலங்கைக்கும் நடந்த போட்டிக்கே கோபாலன் கோப்பை என்று பெயர் வைத்தார்கள். 2003 டிசம்பரில், 94 வயதில் சென்னையில் மறைந்தார்.

தங்கம் போனாலும் பெயர் போகவில்லை. எடுத்த முடிவு சரியா தப்பா என்பதை எடுத்த அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அதற்கப்புறம் நாம் எப்படி உழைக்கிறோம் என்பதுதான் நம்ம கையில் இருக்கிறது. எனக்கு இன்னும் ரெண்டு அரியர் பாக்கி. முடித்துவிடுவேன் நண்பர்களே!