திருக்கோவிலூரில் கிடைத்த கையெழுத்து

எலவனாசூர்கோட்டையில் இருந்து வடக்கே போனால் திருக்கோவிலூர். நம்ம பக்கத்து ஆட்களுக்கு அந்த ஊர்னா உலகளந்த பெருமாள் கோயில், தென்பெண்ணை ஆறு, அப்புறம் தாலுகா ஆபீஸ் வேலை. 1910-ல் 22 வயசுக்காரர் ஒருத்தர் அதே ஊருக்கு வேலை கேட்டு வந்தார். டிகிரி கிடையாது. கையில் இருந்தது கணக்கு எழுதிய நோட்டு மட்டும்தான். அவர் பெயர் சீனிவாச ராமானுஜன்.

கிரிப்டோகிராஃபி பாடத்தில் பிஜிபி படித்தவர்களுக்குத் தெரியும், மெயிலை என்கிரிப்ட் செய்வது பெரிய கஷ்டமே இல்லை, நாலு கிளிக். கஷ்டமான கேள்வி வேற. நம்ம கையில் இருக்கும் பப்ளிக் கீ நிஜமாகவே அந்த ஆளுடையதுதானா? ராமானுஜனின் இளமைக்காலம் கிட்டத்தட்ட இதே கேள்வியோடுதான் போனது. அவர் எந்த மெயிலையும் பூட்டியவர் இல்லை. ஏடிஎம் மெஷினே அவர் ஃபார்முலாவில்தான் ஓடுதுன்னு வாட்ஸ்அப்பில் வருமே, இந்தக் கட்டுரை அந்த ரகமும் இல்லை. முகம் தெரியாத ஒருவரை எப்படி நம்புவது என்பதற்கு அவர் வாழ்க்கை நல்ல பாடம், அவ்வளவுதான்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில், அம்மா கோமளத்தம்மாளின் தாய்வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது, 1903 வாக்கில், கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணித நூல் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் வரிசையாக இருக்கும், நிரூபணம் பேருக்குத்தான் இருக்கும். ராமானுஜனும் அதே பாணியைப் பிடித்துக்கொண்டார். சிலேட்டில் போட்டுப் பார்ப்பார், முழங்கையால் அழிப்பார், கடைசி விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். காகிதம் வாங்கக் காசு இல்லாததும் ஒரு காரணம்.

1904-ல் ஸ்காலர்ஷிப்போடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் ஸ்காலர்ஷிப் போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே எஃப்.ஏ. பரீட்சையில் இரண்டு தடவை ஃபெயில். 1909 ஜூலையில் ஜானகியோடு கல்யாணம் ஆனது. இனி சம்பாதித்தே ஆகவேண்டும். அந்த நெருக்கடியில்தான் திருக்கோவிலூர் வந்து சேர்ந்தார்.

அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி அய்யர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பித்தவரும் அவர்தான். ராமானுஜன் கேட்டது ஒரு கிளார்க் வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த அய்யர் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட ஆளை ரெவின்யூ டிபார்ட்மென்ட்டின் கடைசிப் படியில் உட்காரவைத்து வீணாக்க அவருக்கு மனசு வரவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கடிதத்தின் வழியாக சென்னையில் சேஷு அய்யரின் உதவி கிடைத்தது. அவர் கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனை ஏற்கெனவே பார்த்தவர். அவர் கொடுத்த சிபாரிசோடு 1910 டிசம்பரில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் பார்த்தார் ராமானுஜன். ராவுக்கு முதலில் சந்தேகம்தான். நோட்டில் இருப்பது மேதையின் வேலையா, ஏமாற்றா என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேசிய பிறகுதான் நம்பிக்கை வந்தது. அதன்பின் மாதம் 25 ரூபாய் தன் கைக்காசில் கொடுத்தார்.

இப்போ பிஜிபிக்கு வருவோம். 1991-ல் ஃபில் சிம்மர்மன் வெளியிட்ட இந்த மென்பொருளில், கீயை நம்புவதற்கு மேலிடம் என்று ஒன்று தேவையில்லை. எனக்கு உங்களைத் தெரியும், உங்க கீயை நேரில் சரிபார்த்துவிட்டேன் என்றால், என் பிரைவேட் கீயால் உங்க பப்ளிக் கீயில் ஒரு கையெழுத்துப் போடுவேன். என்னை நம்புகிற மூன்றாவது ஆள், உங்களைப் பார்க்காமலேயே உங்க கீயை ஓரளவு நம்பலாம். இதற்குப் பெயர்தான் வெப் ஆஃப் டிரஸ்ட், நம்பிக்கை வலை. ராமசாமி அய்யர் போட்டது அந்த முதல் கையெழுத்து. அதன்மேல் சேஷு அய்யர் ஒன்று, ராமச்சந்திர ராவ் ஒன்று. யுனிவர்சிட்டி சர்டிஃபிகேட் இல்லாத ஒருவர் இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ராவ் கடிதத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டவில்லை, தானும் சோதித்தார். சோதிக்காமல் போடும் கையெழுத்து வலை முழுவதையும் பலவீனமாக்கும்.

1912 மார்ச் 1-ல் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் வேலை கிடைத்தது, சம்பளம் 30 ரூபாய். அங்கே மேலதிகாரி நாராயண அய்யர் கணிதக் கழகத்தைச் சேர்ந்தவர். அவரும் துறைமுகத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்கும் பக்கபலமாக இருந்தார்கள். இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்குக் கடிதங்கள் போயின. கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் இருவரிடமிருந்தும் உதவி இல்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் ஜி.எச். ஹார்டிக்குப் போனது.

அவருக்கு அது முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்த மெயில் மாதிரி. நாமாக இருந்தால் ஸ்பேமில் தள்ளியிருப்போம். ஹார்டி நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் சோதித்தார். சில தேற்றங்கள் ஏற்கெனவே தெரிந்தவை, சிலவற்றை முயன்றால் நிரூபிக்க முடிந்தது, சில அவர்கள் பார்த்தே இராதவை. இட்டுக்கட்டுவதற்கே மேதை வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார் ஹார்டி. ஆனாலும் நிரூபணம் கேட்டார். ராமானுஜன் அனுப்பிய அடுத்த கடிதத்திலும் நிரூபணம் இல்லை. தன் வேலையை யாரும் திருடிவிடுவார்களோ என்று இவர் பயப்படுகிறாரோ என்ற சந்தேகம் கேம்பிரிட்ஜில் எழுந்தது. அப்படி எதுவும் இல்லை என்று ராமானுஜன் வருத்தத்தோடு பதில் எழுதினார். ஹார்டி நிரூபணம் கேட்டதில் நியாயம் இருந்தது. பகா எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதி அனுப்பியவற்றில் சில தவறானவை. பார்க்கச் சரியாக இருப்பதும், சரியாக இருப்பதும் ஒன்றல்ல.

1914 ஆரம்பத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் சென்னைக்குப் பாடம் நடத்த வந்தார். ராமானுஜனை நேரில் சந்தித்தார், நோட்டுகளைத் தன் கண்ணால் பார்த்தார், கேம்பிரிட்ஜ் வரச் சம்மதிக்கவும் வைத்தார். கடிதத்தில் வந்ததைக் கடிதத்தை வைத்தே சரிபார்க்காமல் வேறொரு வழியில் சரிபார்ப்பது இதுதான். கீ மேனேஜ்மென்ட்டில் இதுதான் உயிர்நாடி. மெயிலில் வந்த கீயை, அதே மெயிலில் வந்த ஃபிங்கர்பிரிண்ட்டை வைத்துச் சரிபார்த்தால் பிரயோஜனம் இல்லை. நடுவில் புகுந்தவன் இரண்டையும் சேர்த்தே மாற்றியிருப்பான்.

1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். உலகப்போர், குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம் எல்லாவற்றுக்கும் நடுவே ஐந்து வருஷம் உழைத்தார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே வருஷம் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ. 1917-ல் ஹார்டியோடு சேர்ந்து ஒரு அழகான உண்மையை நிரூபித்தார். ஏதோ ஒரு பெரிய எண்ணை எடுத்தால், அதன் பகாக் காரணிகள் பொதுவாக மிகக் கொஞ்சமாகவே இருக்கும். 617 இலக்க எண் என்றால்கூட சுமார் 7 தான். அவற்றில் பல சின்னதாக இருக்கும், சுலபமாகக் கழற்றிவிடலாம். 1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் ஆர்எஸ்ஏ முறையை உருவாக்கியபோது, சின்னக் காரணியே இல்லாத எண்ணாகப் பார்த்து அமைத்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல் அது. பெருக்குவது சுலபம், பிரிப்பதுதான் பாடு. இன்று 2048 பிட் ஆர்எஸ்ஏ கீ என்றால் அதே 617 இலக்கம்தான். எண் கோட்பாடு போருக்கு உதவாத சுத்தமான கணிதம் என்று பெருமைப்பட்டவர் ஹார்டி. அந்தக் கணிதம்தான் இப்போ நம்ம மெயிலுக்குப் பூட்டு.

உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1919 மார்ச்சில் ஊர் திரும்பினார். கொடுமுடி, கும்பகோணம், சென்னை என்று இடம் மாறிக்கொண்டே இருந்தும் கணக்கை விடவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26-ல் காலமானார். வயது 32.

விட்டுச்சென்ற நோட்டுகளில் விடைகள் இருந்தன, வழி இல்லை. வழி அவர் தலைக்குள்ளேயே இருந்து அவரோடு போய்விட்டது. அந்த நோட்டுகளில் இருந்ததை ஒவ்வொன்றாக நிரூபித்து புரூஸ் பெர்ன்ட் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார், 1985 முதல் 1998 வரை. கடைசி வருஷத்துத் தாள்கள் டிரினிட்டி நூலகத்தில் கிடந்ததை 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டுபிடித்தார். கணிதம் என்பதால் மற்றவர்கள் உழைத்து மீட்க முடிந்தது. தொலைந்த பிரைவேட் கீயை எத்தனை பெர்ன்ட் வந்தாலும் மீட்க முடியாது. அதற்கு வந்த மெயில்கள் அத்தனையும் பூட்டியது பூட்டியபடியே கிடக்கும்.

அதனால் தண்டர்பேர்டிலோ ஜிபிஜியிலோ கீ உருவாக்கும் அன்றே மூன்று வேலையை முடித்துவிடுங்க. பிரைவேட் கீயை நல்ல பாஸ்ஃபிரேஸோடு ஒரு பென்டிரைவில் எடுத்து வீட்டில் பத்திரமாக வையுங்க, வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீங்க. கீ திருட்டுப் போனால் அது செல்லாது என்று அறிவிக்க ரிவோகேஷன் சர்டிஃபிகேட் எடுத்துத் தனியாக வையுங்க. கீக்கு ஒரு காலாவதித் தேதி போடுங்க, அப்புறம் நீட்டித்துக்கொள்ளலாம். இன்னொன்றும் ஞாபகம் இருக்கட்டும். மெயிலின் உள்ளடக்கம்தான் பூட்டப்படும். யார் யாருக்கு எப்போ அனுப்பினார்கள் என்பது வெளியே தெரியும், சப்ஜெக்ட் வரியும் பல நேரம் அப்படியே போகும்.

கடைசியாக ஃபிங்கர்பிரிண்ட். பெரும்பாலான கீகளுக்கு அது 40 எழுத்து. சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் நண்பன், அவன் செல்லில் இருக்கும் உங்க கீயின் ஃபிங்கர்பிரிண்ட்டைத் திறக்கட்டும். அவன் வாசிக்கட்டும், நீங்க உங்க கீயோடு ஒப்பிட்டுப் பாருங்க. எலவனாசூர்கோட்டை வருவதற்குள் முடிந்துவிடும். 40-ம் ஒத்துப்போனால் மட்டும் அவன் கையெழுத்துப் போடட்டும். ஒரு எழுத்து மாறினாலும், நண்பனாச்சேன்னு போட்டுவிட வேண்டாம்.