ரத்தினக் கல் தேடப் போனவர் பத்தர்களுக்காகப் பேசிய கதை: யார் இந்த ஆனந்த குமாரசாமி?

இலைக் கொடி போல வளைந்த வெள்ளி மோதிரம், நடுவில் பால் நிறத்தில் ஒரு மூன்ஸ்டோன். லாயாங் லாயாங்கில் வீட்டில் உட்கார்ந்து கைபேசியைத் தள்ளினாலே இப்படிப்பட்ட நகைகள் வரிசையா வரும். எல்லாமே கைவேலைன்னு சொல்லித்தான் விக்கிறாங்க. சரி, அது யார் கை?

100 ஆண்டுகளுக்கு முன்பே இதை விடாமல் கேட்டவர் ஆனந்த குமாரசாமி.

கல் படித்த இளைஞர்

1877 ஆகஸ்ட் 22-ஆம் தேதி கொழும்பில் பிறந்தார். அப்பா சர் முத்து குமாரசுவாமி, தமிழ் வழக்கறிஞர். அம்மா எலிசபெத், இங்கிலாந்துக்காரர். 2 வயது நிரம்பும் முன்பே அப்பா இறந்துவிட, பிள்ளை வளர்ந்தது இங்கிலாந்தில்.

லண்டனில் நிலவியலும் தாவரவியலும் படித்தார். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கினார். தோரியனைட் என்ற கனிமம் உலகுக்குத் தெரிய வந்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

பாதை மாறியது எப்படி?

கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர், கண்டிப் பகுதியில் கல்லைப் பதிக்கிறவர்களைப் பார்த்தார். தாமரை, கொடி, அன்னம் என்று கண்ணெதிரே இருந்த இயற்கையை வெள்ளியிலும் பொன்னிலும் இழைத்த பரம்பரைக் கைவினைஞர்கள் அவர்கள். ஆனால் ஆதரித்த அரசவை போயாச்சு, கப்பலில் மலிவான ஆலைப் பொருள்கள் வந்தாச்சு. வேலை குறைந்துகொண்டே போனது. மனைவி எத்தல் படம் பிடிக்க, இவர் அந்த வேலை முறைகளை எழுதி வைத்தார்.

இங்கிலாந்திலும் அதே கதை

1907-இல் இங்கிலாந்து திரும்பி, சிப்பிங் கேம்ப்டன் ஊருக்குப் பக்கத்தில் குடியேறினார். சி. ஆர். ஆஷ்பி தொடங்கிய கைவினைஞர் சங்கம் அங்கேதான் இருந்தது. எத்தலின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான பிரெட் பார்ட்ரிட்ஜும் அங்கு நகை செய்தவர். மயிலும் பூவும் இலையுமாக வெள்ளி நகைகள். அவற்றில் பட்டை தீட்டாமல் வழவழப்பாக மெருகேற்றிய மூன்ஸ்டோன், செவ்வந்திக்கல், டர்க்கைஸ்.

அழகு இருந்தும் சங்கம் நிலைக்கவில்லை. அதே பாணி நகைகளை இயந்திர உதவியோடு செய்து மலிவாக விற்ற பெரிய கடைகளோடு அதனால் போட்டி போட முடியவில்லை. 1908 வாக்கில் சங்கம் நொடித்துப் போனது. கண்டியில் பார்த்ததை இவர் இங்கேயும் பார்த்தார்.

அதே 1908-இல், இலங்கைக் கலைகள் பற்றிய தன் பெரிய நூலைக் கைஅச்சு இயந்திரத்தில் 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டார். அடுத்த ஆண்டு இந்தியக் கைவினைஞர் பற்றி ஒரு நூல். அதற்கு முன்னுரை தந்தவர் ஆஷ்பி. இவர் வாதம் ரொம்ப எளிது. நகையை மட்டும் காப்பாற்றினால் போதாது, அதைச் செய்கிறவர் வாழ வழி இருக்கணும்.

விமர்சனம் இல்லையா?

இருக்கிறது. தொழில் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் பழைய முறையை அவர் போற்றினார். சாதி அமைப்புக்கும் நியாயம் கற்பித்தார். வேறு வேலைக்குப் போக நினைக்கும் பத்தர் மகனுக்கு அதில் இடம் எங்கே? இன்று அவரைப் படிக்கும்போது நீங்கள் இதையும் கேட்கத்தான் வேண்டும்.

இன்னொரு முரணும் உண்டு. அன்றாடம் புழங்க வேண்டிய பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போவது அவருக்குப் பிடிக்காது. ஆனால் 1917 முதல் கடைசி வரை அவர் வேலை பார்த்தது அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி காலமானார்.

அடுத்த முறை ஒரு மோதிரம் பிடித்துப்போனால், விலையோடு இதையும் கேட்டுப் பாருங்க: செஞ்சது யாரு, அவருக்கு எவ்வளவு போகுது? பதில் வருதான்னு பார்த்துட்டு வாங்குங்க.